ஃபேனை நிறுத்தும் கிடார் கடை

தி. நகரில் ஒரு கிடார் கடையின் தரையில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும், கடைக்குள் இருந்த அத்தனை பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஆண்ட்டி, ஸ்டூல் இருக்கு," என்றான் கடைக்காரன் இம்ரான்.

"தெரியுதுப்பா. எனக்குத் தரைதான் சரிப்படும்."

சனிக்கிழமை மத்தியானம். கடை முதல் மாடியில். அதற்கு மேல் மாடியில் பிளவுஸ் தைக்கும் டெய்லர். அந்தக் குறுகலான படியில் ஒரு பக்கம் துணிப்பையோடு பெண்கள் ஏறுவார்கள், மறுபக்கம் முதுகில் கிடாரோடு பையன்கள் இறங்குவார்கள். யார் திரும்பினாலும் யாருக்காவது ஓர் இடி நிச்சயம். கடைக்குள் புது வார்னிஷ் வாசனையும், மேலேயிருந்து வரும் தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும்.

கூட வந்த என் சிநேகிதி ஸ்டெல்லா, அவள் கைப்பையையும் என் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நீ தைரியமா உக்காரு விஜி, நான் பாத்துக்கறேன்," என்றாள். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

இம்ரான் சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். எனக்கு அப்போதே வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

இந்தப் பத்தியில் சமையலறை, பஸ், ஆபீஸ் என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்த வாரம் திடீரென்று கிடார் என்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைகளின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எழுதினால் விளம்பரம் என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நாலு வாசிக்க, ரெண்டு தாளத்துக்கு

சில வருஷங்களுக்கு முன்னால், மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பையன் வேலை மாறி பெங்களூருக்குப் போனான். காலி செய்த அறையில் ஒரு கிடார் கிடந்தது. போன் செய்து கேட்டேன். "நீங்களே வச்சுக்குங்க ஆண்ட்டி, எனக்கு அது வரல," என்றான்.

நான் அப்போதுதான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் டப்பா துடைப்பது? சின்ன வயதில் வீணை கற்றுக்கொண்டவள் நான். கம்பி போட்ட எதைப் பார்த்தாலும் விரல் சும்மா இருக்காது.

அதைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கோபாலன் சார் கடைக்குப் போனேன். வீணைக் கம்பி, தம்புராக் கம்பி, சுருதிப் பெட்டி, மிருதங்கத்துக்கு வார் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். இன்றைக்கும் எனக்குப் பிடித்த கடைகளில் முதலாவது அதுதான். அங்கே போனால் "என்ன வேணும்?" என்று கேட்க மாட்டார்கள். "எந்தக் கட்டை?" என்பார்கள். கட்டை என்றால் பாடுகிறவரின் சுருதி. தெரியாவிட்டால் கடையில் நின்று ஒரு வரி பாடிக் காட்ட வேண்டும். நான் போன அன்று எனக்கு முன்னால் ஒருவர் ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் முருங்கைக்காயுமாக நின்று கண்ணை மூடி "ஸா..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயிலாப்பூரில் இதெல்லாம் சகஜம்.

கோபாலன் சார் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீணைக்கு ஏழு கம்பி. இதுல ஆறுதான் இருக்கு. பரவாயில்லை, சமாளிச்சுண்டுடலாம். நீங்க எந்தக் கட்டை?"

"அஞ்சு."

"நாலு கம்பி வாசிக்க வச்சுக்கோங்கோ. ரெண்டைத் தாளத்துக்கு விட்டுடறேன்."

வீணை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீணையில் நாலு கம்பியில்தான் பாட்டு வரும். மீதி மூன்றும் பக்கத்தில் இருக்கும். தாளம் விழும் இடத்தில் அவற்றைத் தட்டினால் "டிங்" என்று கேட்கும். கோபாலன் சார் அந்தக் கிடாரின் மேலேயிருந்த தடிக் கம்பிகள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு மெல்லிய கம்பிகளைக் கட்டினார். எல்லாவற்றையும் வீணைபோல ஸ, ப, ஸ, ப என்று சுருதி கூட்டிக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, வீணையைப் போலவே மடியில் சாய்த்துக்கொண்டு மீட்டினேன். ஆஹா! கட்டைவிரலுக்குத் தாளம், மற்ற விரல்களுக்குப் பாட்டு. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "கிடார் சத்தம் சினிமால வேற மாதிரி இருக்குமே?" என்றார். "அதெல்லாம் மைக்கில போடறது," என்று வாயை அடைத்துவிட்டேன்.

போனில் வீடியோ பார்த்தும் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். தாடி வைத்த ஒரு பையன் விரலை இங்கே வை, அங்கே வை என்றான். அவன் சொன்ன இடத்திலேயே வைத்தேன். தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி சத்தம் வந்தது. அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, அத்தோடு வீடியோவை விட்டேன். வருஷக்கணக்காக இப்படியே சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா கேட்ட ஒரே ஒரு பாட்டு

ஸ்டெல்லாவும் நானும் சாந்தோமில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். அவள் குரல் அப்போதே எங்கள் வகுப்புக்கே பெருமை. சர்ச் கொயரில் பல வருஷம் பாடினாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே காலம் ஓடிவிட்டது. கல்யாணம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, மற்றவர்களும் எடுக்கவில்லை. சாந்தோமில் எத்தனையோ ஜோடிகளின் கல்யாணத்தில் பாடியிருக்கிறாள். எல்லாம் அடுத்தவர் கல்யாணம்.

அம்மா போய்ச் சில வருஷம் கழித்து, ஐம்பத்து நாலு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டேனியல். மனைவியை இழந்தவர். டூ வீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். இவள் ஸ்கூட்டருக்கு அடிக்கடி ஏதோ கோளாறு வந்ததன் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் அண்ணன் சேவியர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம் அவருக்குக் கொஞ்சம் அதிகம். "இந்த வயசுல ஆட்டம் பாட்டம் எதுக்கு? சர்ச்ல முடிச்சமா, பிரியாணி போட்டமான்னு அனுப்பிடலாம்," என்றாராம்.

ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். "நான் என்ன திருட்டுத்தனமாவா கல்யாணம் பண்ணிக்கறேன்? ரிசப்ஷன்ல நான் பாடுவேன் விஜி. ஒரே ஒரு பாட்டு. நீதான் கிடார் வாசிக்கற."

"கொயர் பசங்க இருக்காங்களேடி. கீபோர்டு, ட்ரம்ஸ் எல்லாம் வச்சிருக்காங்க."

"அவங்க வாசிச்சா, எத்தனையோ கல்யாணத்துல பாடின மாதிரி இதுவும் ஒண்ணாயிடும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன் வீட்டு ஹால்ல நீ வாசிக்கறியே, அது வேணும். நீ வாசிக்கலைன்னா நான் பாடல."

அவள் சொன்னது ஒரு பழைய சினிமாப் பாட்டு. பள்ளிக்கூட நாளில் பஸ் ஸ்டாப்பில் நின்று நாங்கள் முணுமுணுத்தது. சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளும்போது என் கிடாரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பல்லவி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது, மடியில் "டப்" என்று ஒரு சத்தம். கம்பிகளைத் தாங்கும் கட்டை, பலகையோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது.

வடபழனியில் மானம் போன கதை

வடபழனியில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் சேகர் என்று ஒருவர் கிடார் ரிப்பேர் செய்கிறார். சினிமாவுக்கு வாசிக்கிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் கொடுப்பார்களாம். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம்தான். எதிரே டீக்கடை. சேகர் சரி செய்த கிடாரை வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு தடவை ஓங்கி வாசிப்பார். டீ குடிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். "இன்னும் கொஞ்சம் இஸ்து கட்டு" என்று ஒரு ஆட்டோக்காரர் சொல்ல, சேகரும் மறுபேச்சுப் பேசாமல் இழுத்துக் கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். வேறு எந்தக் கடையில் கிடைக்கும் இந்தக் கச்சேரி?

என் கிடாரை உறையிலிருந்து எடுத்தவர், அப்படியே நின்றார்.

"இன்னாக்கா இது? கம்பி மாறிக்கீது?"

"மாறல. அது ரெண்டும் தாளத்துக்கு."

"தாளத்துக்கா?"

நான் பொறுமையாக விளக்கினேன். ஸ, ப, ஸ, ப. நாலு வாசிக்க, ரெண்டு தாளத்துக்கு. அவர் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போனது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "நைனா, இங்க வந்து பாரேன்! அக்கா கிடாருக்குள்ள வீணைய வச்சிக்கினு வந்துகீது!"

டீ கிளாஸோடு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். சேகர் இன்னொரு கிடாரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காட்டினார். மேலே இரண்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கனமாக ஒலித்தன.

"ஊர்ல இருக்கற எல்லா கிடாரும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ஒலகத்துலயே இப்டித்தான்."

தாடி வைத்த அந்த வீடியோப் பையனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சேகர் சிரித்து முடித்ததும் எனக்கும் ஒரு டீ சொன்னார். அப்புறம் கிடாரைக் கவிழ்த்துக் காட்டினார். பின்பக்கப் பலகையும் நடுவில் விரிசல் விட்டிருந்தது.

"பொட்டி பூட்ச்சிக்கா. ஒட்டித் தரேன், ஆனா ரொம்ப நாளு தாங்காது. கல்யாணத்துக்குன்றே. புச்சா வாங்கிக்கோ."

மறுநாள் காலையில் நேராகக் கோபாலன் சார் கடைக்குச் சண்டைக்குப் போனேன். அவர் அசையவே இல்லை.

"வாசிக்க வேணும்னு கொண்டுவந்தேள், வாசிக்கறாப்பல கட்டிக் கொடுத்தேன். நன்னா இருந்துதா இல்லையா, அதைச் சொல்லுங்கோ."

"நன்னாத்தான் இருந்தது."

"அப்புறம் என்ன?"

வந்த வழியே திரும்பினேன். என் வீட்டுக்காரரோ விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார். "சினிமால வேற மாதிரி இருக்கும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று இன்று வரை சொல்லிக் காட்டுகிறார்.

கண்ணாடிக் கடையும் மாடிக் கடையும்

முதலில் அடையாறுக்குப் போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க வெளிநாட்டுக் கிடார்கள். நகைக்கடையில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பிகினரா மேடம்?" என்றாள் கடைப் பெண். ஆமாம் என்பதா இல்லை என்பதா? "பாதி," என்றேன்.

தடிக் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிசாகப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவள் பதறிப்போனாள். "சாரி மேடம், டெமோ பீஸ்ல எதையும் மாத்தக் கூடாது."

நியாயம்தான். அந்தக் கடையை நான் குறை சொல்ல மாட்டேன். ஜன்னலோரம் ஒரு நீளமான பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். எதுவும் வாங்காமல் அதில் மணிக்கணக்காக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெயில் நாளில் அந்தப் பக்கம் போனால் இப்போதும் உள்ளே நுழைந்துவிடுகிறேன்.

அடுத்து தி. நகர், இம்ரானின் மாடிக் கடை. அவனுடைய அப்பாவும் தாத்தாவும் ஹார்மோனியம் விற்றவர்கள், இவன் கிடாருக்கு மாறிக்கொண்டான். எப்போதும் ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பாட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். கறிகாய் மார்க்கெட் தோற்றது. ஆனால் யாராவது ஒருவர் "இதை எடுத்துக்கறேன்" என்று சொன்னதும் இம்ரான் போய் ஃபேனை நிறுத்துவான். உடனே எல்லோரும் கம்பிமேல் கையை வைத்து அமுக்கிவிடுவார்கள். கடை கப்சிப். வாங்குகிறவர் ஏதாவது ஒன்றை முழுதாக வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பில்.

"ஏன்பா இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"இந்தச் சத்தத்துல கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க ஆண்ட்டி. வீட்டுக்குப் போனா வேற மாதிரி இருக்குன்னு தூக்கிட்டு வந்து சண்டை போடுவாங்க. அதான், நம்ம கடையில வாசிக்காம விக்கிறதில்ல."

அன்றைக்கு ஒரு காலேஜ் பையன் வாங்கினான். ஃபேன் நின்றதும் அந்த மாடியில் வெக்கை குப்பென்று ஏறியது. அவன் நெற்றியில் வேர்வை வழிய, தப்பும் தவறுமாக ஒரு பாட்டை வாசித்து முடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். டெய்லர் கடைக்கு வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "கொயர் பசங்ககிட்டயே சொல்லிடுடி. என்னால ஆகாது."

"சரி, அண்ணன் சொன்ன மாதிரியே பிரியாணியோட முடிச்சிடலாம்," என்றாள். அதில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். இப்படிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சனிக்கிழமை ரெடியா இரு, தி. நகர் போறோம்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு தடவை நின்ற ஃபேன்

இப்போது உங்களுக்கு அந்தச் சனிக்கிழமை புரியும்.

ஒரு நல்ல கிடாராகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். நாங்கள் கல்யாணக் கதையைச் சொன்னதும் இம்ரான், "ஒரு பாட்டுதானே ஆண்ட்டி? மூணு கார்டு போதும், இப்பவே சொல்லித் தரேன்," என்றான். கார்டு என்றால் பல கம்பிகளை ஒன்றாக அமுக்கி ஒரே வீச்சில் மீட்டுவது. ஸ்டூலில் உட்கார்ந்து பழகினேன். விரல் நுனி எல்லாம் நெருப்பாக எரிந்தது. ஒரு வழியாக மூன்றும் வந்தன. "எடுத்துக்கறேன்பா," என்றேன்.

ஃபேன் நின்றது. கடை அமைதியானது.

நான் மீட்டினேன். ஸ்டெல்லா மெல்லப் பாட ஆரம்பித்தாள். முதல் வரி போனது. இரண்டாவது வரியில் அவள் குரல் வளைந்து இறங்கும் இடத்தில் என் கை "ஜங், ஜங்" என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் நிறுத்திவிட்டாள்.

"இது நீ வாசிக்கற மாதிரியே இல்ல விஜி."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பாதி தைரியம் கொடுத்தது. இம்ரானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபாலன் சார், ஸ, ப, தாளக் கம்பி, வடபழனி டீக்கடை வரைக்கும்.

அவன் தலையைச் சொறிந்தான். "மாத்திக் கட்டணும்னா நீங்க வாங்கியிருக்கணும் ஆண்ட்டி. வாங்கணும்னா வாசிச்சிருக்கணும்."

"வாசிக்கணும்னா மாத்திக் கட்டியிருக்கணும்," என்றேன் நான்.

கடையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ரூல்னா ரூல் என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். ஆண்ட்டிக்கு மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்றாள் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். தைத்த பிளவுஸை வாங்கிக்கொண்டு இறங்கிய ஓர் அம்மாள், படியிலேயே நின்று என்ன சங்கதி என்று விசாரித்து, அவளும் ஓர் அபிப்பிராயம் சொன்னாள்.

இம்ரான் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த ஒரு கிடாரை இறக்கினான். ஓரமெல்லாம் சாயம் போயிருந்தது. "இது என்னோடது, விக்கிறதுக்கில்ல. இதுல என்ன வேணா மாத்துங்க."

ஃபேனை மறுபடி போட்டுவிட்டு, சொந்தக் கிடாரின் தடிக் கம்பிகளை அவனே கழற்றினான்; மற்றவர்கள் திரும்ப வாசிக்க ஆரம்பித்தார்கள். மெல்லிய கம்பிகள் இரண்டை எடுத்துப் போட்டான். நான் முணுமுணுத்துச் சுருதி சொல்லச் சொல்ல, அவன் முறுக்கினான். ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

ஃபேன் இரண்டாவது தடவை நின்றது.

கட்டைவிரல் தாளத்தைத் தட்டியது. "டிங்." யாரோ ஒரு பையன் "அட!" என்றான். நான் பல்லவியை எடுத்தேன். ஸ்டெல்லா இரண்டு கைப்பைகளையும் ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து நின்று பாடினாள். அவள் குரல் வளைந்த இடத்தில் கம்பியும் வளைந்தது, அவள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். மேலே தையல் மெஷினை எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. முடிக்கும்போது எனக்கு ரவிக்கை முழுக்க வேர்வை, கண்ணில் தண்ணீர். அவ்வளவு சந்தோஷம். வெட்கப்படாமலே எழுதுகிறேன், அன்றைக்குப் போல நான் என்றைக்கும் வாசித்ததில்லை.

கை தட்டல் ஓய்ந்ததும் கண்ணாடிக்காரர், "வாசிச்சது ஒண்ணு, வாங்கப்போறது ஒண்ணு. இது செல்லாது," என்று மறுபடி ஆரம்பித்தார். "பில்லப் போடுப்பா," என்று படியில் நின்ற பிளவுஸ் அம்மாள் அதட்டிய பிறகு அடங்கினார். பில் போட்டதும் என் புதுக் கிடாரையும் இம்ரான் அதே மாதிரி மாற்றிக் கட்டிக் கொடுத்தான்.

சாமானைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினால் அது கடை. என் தொல்லைக்காகத் தன் சொந்தக் கிடாரைப் பிரித்துப் போட்ட கடையை என்னவென்று சொல்வது? நீங்கள் கிடார் வாங்கவே வேண்டாம். ஒரு சனிக்கிழமை போய் அங்கே நின்று பாருங்கள். ஃபேன் நிற்கும் நேரத்தில் அடுத்தவருக்காக நீங்களும் கொஞ்சம் வியர்த்துவிட்டு வாருங்கள். உடம்புக்கும் மனசுக்கும் நல்லது.

சாந்தோம் ஹாலில்

ரிசப்ஷன் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில். கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து மேஜை விரிப்புகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்டெல்லா வெண்பட்டுப் புடவையில் இருந்தாள். டேனியல் கோட்டுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி. எனக்கு ஒரு ஓரத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள்.

சேவியர் அண்ணன் மேடைப் பக்கமே வரவில்லை. பந்தி நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு பிரியாணி அண்டாவுக்குக் காவல் காத்தார். தங்கை மைக்கைப் பிடித்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன் வரிசையில் இரண்டு பெண்கள் ஏதோ சொல்லிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்.

நான் தாளத்தைத் தட்டினேன். அவள் பாடினாள்.

முதலில் சன்னமாக. பிறகு, கொயரில் பின்வரிசையில் நின்று பாடினாளே, அந்தக் குரலில். பிறகு அதையும் தாண்டி, நான்கூடக் கேட்டிராத ஒரு குரலில். முன் வரிசைப் பெண்களின் முந்தானை எப்போதோ இறங்கிவிட்டது. பந்தியில் இலையில் கை வைத்தவர்கள் எச்சில் கையோடு திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். டேனியல் பாட்டு முடிகிற வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எழுந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. அதற்கு மேல் ஒரு குரல் பந்திப் பக்கத்திலிருந்து வந்தது.

"இன்னொண்ணு பாடு ஸ்டெல்லா!"

கையில் கரண்டியோடு சேவியர் அண்ணன். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

ஸ்டெல்லா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "விஜி, வேற என்ன பாட்டு வாசிப்ப?"

"இந்தப் புதுக் கிடார்ல வேற எதையும் பழகலையேடி. கிடார் வாங்கவே நேரம் போயிடுச்சே!"

"அண்ணன் கேக்கறாருடி."

"அப்ப இதையே பாடு."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை பாட்டு தெரிந்தவர்கள் எல்லாம் கூடவே பாடினார்கள். இரண்டாவது வரிக்குள் சேவியர் அண்ணன் கரண்டியோடு மேடை ஏறித் தங்கை பக்கத்தில் நின்று, ஓங்கிய குரலில் சேர்ந்துகொண்டார். அவருக்குச் சுருதி கொஞ்சமும் இல்லை. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.